சொல்லறிவோம்: 'டைடிங்ஸ்'

கிறிஸ்துமஸ் காலத்தில் ஆங்கிலப் பாடல்களைப் பாடும்போது 'டைடிங்ஸ்' என்ற சொல் நம் நாவில் தவறாமல் வருகிறது. பண்டிகை முடிந்ததும் அதைப் பாட்டுப் புத்தகத்தோடு மூடி வைத்துவிடுகிறோம். அதன் பொருள்தான் என்ன?

'செய்தி' என்பதே பொருள். இது 'டைட்' என்ற சொல்லுக்கு உறவு. 'டைட்' இன்று கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கிறது. முன்னாளில் 'காலம்' என்று பொருள்பட்டது. 'ஈஸ்டர்டைட்' என்பதில் அப்பழைய பொருள் இன்றும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் 'நிகழ்ந்தவை' எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து 'டைடிங்ஸ்' வந்தது என்பர் அறிஞர். நம் 'செய்தி'யும் 'செய்' என்னும் வினையடியில் பிறந்ததன்றோ? நடந்தது செய்தி, நடவாதது வதந்தி!

இனி, இலக்கணம். 'நியூஸ்' ஒருமை, அதற்கு 'இஸ்' வரும். 'டைடிங்ஸ்' என்பதை ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒருமையாகவும் பன்மையாகவும் வழங்கினர். இன்று அது பன்மையே. 'ஆர்' சேர்த்தே எழுதுவோம். 'ஒரு டைடிங்' என்று எழுதலாகாது. 'பிரிங்', 'பேர்' ஆகிய வினைகள் இதற்கு நன்கு பொருந்தும். ஏனெனில், இது ஒருவர் சுமந்துவந்து மற்றொருவரிடம் சேர்க்கும் செய்தி. குழந்தை பிறந்ததைச் சொல்ல இச்சொல் தகும். காய்கறி விலை ஏறியதைச் சொல்ல இதை எடுத்தால் நகைப்புக்கிடமாகும்.

நற்செய்திக்கு மட்டும் உரியதன்று இச்சொல். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், இடையர்க்கு வானதூதர் அறிவித்ததும் 'டைடிங்ஸ்'தான். அப்சலோமின் மரணத்தைத் தாவீதுக்கு அறிவிக்க ஓடியவர்கள் கொண்டுசென்றதும் 'டைடிங்ஸ்'தான். சாமுவேல் இரண்டாம் நூல், 18-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். முதலில் வந்து சேர்ந்த அகிமாசு, வெற்றியை மட்டும் உரைக்கிறான். இளவரசன் இறந்ததை அறிந்திருந்தும், மன்னர் கேட்டபோது தெரியாதவன்போல் நழுவுகிறான். பின்னால் வந்த கூசியனே உண்மையைத் தெரிவிக்கிறான். தந்தையின் நெஞ்சு உடைகிறது.

விரைந்து ஓடுவது எளிது; உண்மையை உரிய வேளையில், கேட்பவர் மனமறிந்து சொல்வது அரிது. ஒரு தோழியைப் பற்றிய செய்தி நம் காதுக்கு எட்டும்போது, அது நடந்ததுதானா, யாரிடம் சேர வேண்டியது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். சொல்லின் பொருளை அப்போதே நாம் முழுமையாகக் கற்றவர்களாவோம்.