சராசரி போடாதே, பாப்பா

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் ஆர்டுவினோ ஊனோவில் பல்ஸ் இடைவெளி ஒரே மாதிரி வராமல் ஆடுகிறது, பத்து அளவுக்குச் சராசரி போட்டால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். இப்போதைக்குச் சராசரி வேண்டாம். கோளாறின் தடயமே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

சிதம்பரத்தில் உன் விடுதி அறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூன்றாம் பின்னில் அனலாக்ரைட் 128 கொடு. அந்த அலையை டைமர் 2 தானாகவே உண்டாக்கும். புரோகிராம் குறுக்கே வராது. ஒரு சுற்றுக்கு 2040 மைக்ரோவினாடி. அதை ஒரு ஒயரால் இரண்டாம் பின்னில் சேர்த்து, இன்டரப்ட்டில் மைக்ரோஸ் படித்து, இருநூறு இடைவெளிகளை அரேயில் நிரப்பு. நிரம்பிய பிறகுதான் சீரியலில் அனுப்ப வேண்டும். 9600 வேகத்தில் ஓர் எழுத்து போகவே ஒரு மில்லிவினாடிக்கு மேல் ஆகும்.

எண்கள் எல்லாம் நான்கால் வகுபடும். மைக்ரோஸ் நான்கு நான்காகத்தான் எண்ணும். அதை விடு. 2040, 2040 என்று போகிற வரிசையில் எங்காவது ஒரு 2048, உடனே அடுத்ததாக 2032 என்பதுபோல் ஒரு ஜோடி வரும். அங்கே நின்று பார். கூடியது எவ்வளவோ அவ்வளவு அடுத்ததில் குறைந்திருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூருக்கு ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. நேரம் குறிப்பவர் போனில் பேசி முடித்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்த்தார் என்று வைத்துக்கொள். நோட்டில் அந்த ரயில் தாமதம். அடுத்ததைச் சரியாகக் குறித்தால் இடைவெளி அதே அளவு சுருங்கும். இங்கே அந்த போன் டைமர் 0. மில்லிஸ் கணக்கைக் கூட்ட 1024 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை பிராசஸரை அழைக்கிறது. அந்த நேரத்தில் வந்த அலையின் விளிம்பு காத்திருக்கிறது.

இதற்கு மருந்து எட்டாம் பின்னில் இருக்கும் இன்புட் கேப்சர். விளிம்பு வந்த கணத்தில் டைமர் 1 தன் எண்ணிக்கையைத் தானே பதிந்து வைக்கும். பிராசஸர் பிந்தி வந்து படித்தாலும் எண் மாறாது. பிரிஸ்கேலர் இல்லாமல் ஓடவிட்டால் துல்லியம் 62.5 நானோவினாடி. சர்வோ லைப்ரரியும் அதே டைமரைக் கேட்கும், இரண்டையும் சேர்க்காதே.

கேப்சர் போட்ட பிறகும் ஆடினால் புரோகிராமை மூடிவிட்டு ஒயரைப் பார். இங்கே ஓர் ஐஸ் பேக்டரியில் மோட்டார் வேகம் அளக்கப்போய், இரண்டு நாள் புரோகிராமையே திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்கோப் வைத்தால், இறங்கும் விளிம்பு நெட்டுக்குத்தாக இருந்தது; ஏறும் விளிம்போ மேடு ஏறுவதுபோல் சாய்ந்திருந்தது. சென்சாரிலிருந்து பத்து மீட்டர் ஒயர், மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியது. சிப்புக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் வரை. ஒயரின் கொள்ளளவு ஒரு நானோஃபாரட் அளவில் இருந்தாலே மின்னழுத்தம் ஏறப் பல பத்து மைக்ரோவினாடி ஆகும். சாய்ந்த விளிம்பில் மோட்டாரின் இரைச்சல் ஏறினால், அது எல்லையைத் தாண்டும் கணம் முன்னும் பின்னும் நகரும். வெளியே ஒரு கிலோஓம் புல்-அப், இடையில் ஒரு 74எச்சி14 ஷ்மிட் டிரிகர், ஒயருக்குத் தனிப் பாதை. அன்று மாலையே எண்கள் அடங்கின.

துளைத் தட்டு வைத்து அளக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஜோடி வந்தால், அந்தத் துளையே தள்ளிப் போட்டது.

சனிக்கிழமை வரும்போது இருநூறு எண்களையும் எடுத்துவா. சிறிது பெரிதாக அடுக்கிவிடாதே. வந்த வரிசையிலேயே வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா