தஞ்சையில் துலிப் பூக்குமா?

கேள்வி: ஸ்ரீநகர் துலிப் தோட்டம் பார்த்து வந்ததிலிருந்து ஒரே ஆசை. மாடித் தொட்டியில் துலிப் வைக்கலாமா? தக்காளி, கத்தரி நாற்றும் விட வேண்டும். – வாசகி, திருவையாறு

பதில்: வைக்கலாம், பூக்காது! துலிப் கிழங்கு மூன்று மாதத்துக்கு மேல் கடுங்குளிரில் கிடந்தால்தான் பூத்தண்டு ஒழுங்காக நீளும். ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-இல் திறந்த அந்தத் தோட்டத்துக்குக் குளிர் இலவசம். நம் மார்கழிப் பனி மூக்கடைப்புக்குத்தான் போதும். கிழங்கை ஃபிரிட்ஜில் 14 வாரம் வைத்துப் பூக்க வைப்பவர்கள் உண்டு. ஆனால் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், அதிலிருந்து வரும் வாயு மொட்டைக் கருக்கிவிடும். பழமா பூவா என்று வீட்டில் சண்டை வேண்டாம். கிழங்கு நட்டே ஆக வேண்டுமென்றால் சம்பங்கி நடுங்கள். மாலையில் மணக்கும்.

நாற்றைப் பொங்கல் கழிந்ததும் விடுங்கள். குழித்தட்டில் மட்கிய தென்னைநார்க் கழிவோடு மண்புழு உரம் கலந்து, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில். மேலே போட்ட சாக்கை முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் நாற்று வெளிறி நூலாய் நீளும். பூவாளித் தண்ணீர் காலையில் மட்டும். தக்காளியை 25 நாளில் நடலாம். கத்தரிக்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். பி.கே.எம்.1 தக்காளி வாங்கினால் அடுத்த முறைக்கு விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.