தோலும் முடியும்: தவறான எண்ணங்களும் உண்மை நிலையும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் பாதை, பாலம், குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றின் பயனை அடைய வேண்டிய மக்களின் உடல்நலமும் முன்னேற்றத்தின் ஒரு பகுதியே என்பதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். அதிலும் தோல் நோயைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். அரிப்பு என்றால் கடையில் ஒரு களிம்பு. திட்டு என்றால் ஒளித்து வைப்பது. முடி கொட்டினால் புதிதாக ஓர் எண்ணெய். இவ்வாறு செய்வதால் இருவகை நஷ்டம் நேர்கிறது. ஒன்று கைப்பொருள்; மற்றொன்று காலம். பொருளைத் திரும்பச் சம்பாதிக்கலாம். தக்க சமயத்தில் சிகிச்சை பெறத் தவறிய காலத்தைத் திரும்பப் பெற இயலாது.

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்வோம். இங்கு ஒரு புறம் வயலும் ஏரியும் உள்ளன. கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. மறுபுறம் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. சேற்றில் கால் நனைய நிற்கும் விவசாயியும், மூடிய காலணியும் தடித்த சீருடையும் அணிந்து வேலை செய்யும் தொழிலாளியும் ஒரே வீட்டில் வாழக்கூடிய ஊர் இது. வெயிலும் வியர்வையும் ஈரமும் இருவருக்கும் பொது. ஆகவே தோலையும் முடியையும் பற்றிய உண்மைகளை அறிந்துகொள்வது இத்தகைய ஊர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

நிறம் ஒரு நோயன்று

நம் தோலில் மெலனின் என்னும் நிறமி உள்ளது. சூரிய ஒளியின் தீங்கிலிருந்து உடலைக் காப்பது அதன் வேலை. வெயிலில் உழைப்பவரின் தோல் கறுப்பது, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே அன்றிக் குறைபாடு அன்று. பிறவி நிறத்தை மாற்றும் களிம்பு எதுவும் இல்லை.

விரைவில் சிவப்பாக்குவதாகக் கூறி விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோல் களிம்புகளில் அதைச் சேர்ப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. எனினும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத பொருள்கள் விற்பனைக்கு வந்தவண்ணமே உள்ளன. பாதரசம் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் களிம்புகளைப் பூசி வந்தவர்கள். முகத்திற்குப் பூசியது சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் இளைஞர்களுக்கும் எடுத்துக் கூறுவோமாக.

படர்தாமரையும் கடைக் களிம்பும்

தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகப் படர்ந்து அரிக்கும் படர்தாமரை, பூஞ்சையால் உண்டாவது. ஈரத் துணியும் இறுக்கமான உடையும் அதை வளர்ப்பவை. பலர் கடைக்குச் சென்று, "படைக்கு ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பூசுகின்றனர். இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. நோய் தீர்ந்ததென்று மகிழ்கிறோம். உண்மை அதுவன்று.

அத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. அது சிவப்பையும் அரிப்பையும் மட்டுமே அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. மாறாக, அதை எதிர்க்கும் தோலின் ஆற்றலைக் குறைப்பதால், பூஞ்சை மறைவாகப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாகத் தோன்றுகிறது. பல மாதங்கள் பூசினால் தோல் மெலிந்து வரி விழும். முகத்தில் பூசினால் பருவும் சிவப்பும் உண்டாகும். இக்காரணத்தால் 2018இல் மத்திய அரசு, ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

சரியான முறை யாது? மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தை, அரிப்பு நின்ற பின்னும் அவர் கூறிய நாள் வரை பூசுதல். உடையையும் துவாலையையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, துவைத்து வெயிலில் உலர்த்துதல். வீட்டில் பிறருக்கும் இருந்தால் அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெறுதல்.

"சூடு", "கெட்ட இரத்தம்"

தோலில் எது தோன்றினாலும் உடற்சூடு என்றும் கெட்ட இரத்தம் என்றும் கூறிவிடுகிறோம். காரணம் பெரும்பாலும் வெளியில் இருக்கிறது. விரலிடுக்கில் தொடங்கி இரவில் அதிகமாக அரிக்கும் சொறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. சிமெண்டில் வேலை செய்பவரின் கை வெடிப்பதற்கு அதிலுள்ள காரமும் குரோமிய உப்பும் காரணமாகலாம். வரப்பிலும் சாலையோரத்திலும் வெண்பூக்களுடன் வளரும் பார்த்தீனியம் 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய களையாகும். அதைத் தொட்டாலும், அதன் துகள் காற்றில் வந்து பட்டாலும் சிலருக்கு முகமும் கழுத்தும் கையும் தடித்து அரிக்கும். இவர்கள் பத்தியம் இருந்து பயனில்லை. பூக்கும் முன்னரே கையுறை அணிந்து அச்செடியை வேரோடு பிடுங்குவதே நலம்.

வெள்ளைத் திட்டுகள் மூன்று

தோலில் வெளுத்த திட்டைக் கண்டதும் குடும்பமே கலங்குகிறது. கலியாணப் பேச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சி மறைக்கின்றனர். வெளுத்த திட்டுகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் உணர வேண்டும்.

முதலாவது தேமல். மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலுடன் தோன்றும் இது ஒரு பூஞ்சையால் வருவது, எளிதில் குணமாகும்.

இரண்டாவது வெண்புள்ளி. நிறமியை உண்டாக்கும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாக அழிப்பதால், அவ்விடம் பால் போல் வெளுக்கிறது. இது தொற்றாது, தொழுநோயும் அன்று. மீனும் தயிரும் சேர்த்து உண்டதால் வந்தது என்பது ஆதாரமற்ற பேச்சு. இதனை வெண்குஷ்டம் என்று அழைத்து வந்ததே பல குடும்பங்களுக்குத் தீராத துன்பமாயிற்று. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பெயரை நீக்கி, வெண்புள்ளிகள் என்று வழங்குமாறு ஆணையிட்டது. சொல் மாறியதுபோல் நம் மனமும் மாற வேண்டும்.

மூன்றாவதே தொழுநோய். இதில் திட்டு பால் போல் வெளுப்பதில்லை. சற்றே மங்கியோ சிவந்தோ இருக்கும். அரிப்பு இல்லை, வலி இல்லை. வலி இல்லாததே இதன் அபாயம். கண்ணை மூடச் செய்து, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டால் நோயாளிக்கு உணர்ச்சி தெரியாமல் இருக்கலாம். அவ்வாறாயின் ஒரு நாளும் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். நோயை உறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பு.

தொழுநோய் பாவத்தாலோ பரம்பரையாலோ வருவதன்று. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டறிந்தார். பெரும்பாலோருக்கு இக்கிருமியை வெல்லும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் போதும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடுகிறது. நம் மாநிலத்திலேயே செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் மத்திய அரசின் பொறுப்பில் பணியாற்றி வருகிறது. இவ்வளவு வசதி இருந்தும், திட்டை மறைத்துக் காலம் கடத்தியவர்களுக்கே விரல் மடங்குதலும் காலில் ஆறாப் புண்ணும் நேர்கின்றன. மடங்கிய விரலை மருந்து மட்டும் நிமிர்த்தாது.

முடியைப் பற்றிய எண்ணங்கள்

வெளியே தெரியும் முடியில் உயிரில்லை. உயிர் தோலுக்குள் இருக்கும் வேரில் உள்ளது. இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் பல தவறான எண்ணங்கள் தாமே அகலும்.

மொட்டை அடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பர். கத்தி வேரைத் தொடுவதில்லை. ஆகவே அடர்த்தி கூடாது. வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் புதிய முடி தடித்ததுபோல் தோன்றுகிறது. தேங்காய் எண்ணெய் வேருக்கு உணவாகாது. ஆனால் முடியின் தண்டுக்குள் ஊறி, தேய்மானத்தைக் குறைக்கிறது. எனவே அது பயனற்றதன்று. முடியை வளர்ப்பதும் அன்று. வேருக்கு உணவளிப்பது இரத்தம். கீரை, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றிற்குச் செலவிடும் பணமே முடிக்கும் நல்லது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து அதிகமாகக் கொட்டும். பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். நெடுநாள் கொட்டினால் இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். வட்டமாக முடி உதிரும் புழுவெட்டில் புழு ஏதும் இல்லை. அதுவும் எதிர்ப்பாற்றலின் தவறே. அங்கே காரமான பொருள்களைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கலாகாது. பேன் ஒழிய மண்ணெண்ணெய் தடவுவதும் பெரும் ஆபத்து. அது தோலைப் பொசுக்கும். அடுப்பருகே சென்றால் தீப்பற்றும்.

தலைக்கவசம் அணிந்தால் வழுக்கை விழும் என்னும் பேச்சும் இளைஞரிடையே உலவுகிறது. ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும் உடலில் ஊறும் சுரப்புநீருமே. வியர்வை சேர்ந்தால் தலையைக் கழுவிக்கொள்ளலாம். கவசத்தின் உள்துணியையும் துவைக்கலாம். லாரிகள் ஓடும் சாலையில் இரவுப் பணிக்குச் செல்லும் பிள்ளை, முடியைக் காக்க எண்ணித் தலையை இழக்கலாமா?

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவற்றைச் செய்யப் பெருநிதி தேவையில்லை. 2017 முதல் ஜனவரி 30ஆம் நாளையொட்டித் தொழுநோய் விழிப்புணர்வுக்காகக் கிராம சபைகள் கூட்டப்படுகின்றன. அன்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துத் தோல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். பெண்களைப் பெண் ஊழியர் தனி அறையில் பார்க்க வேண்டும். முறைப்பணிக்குச் செல்லும் தொழிலாளர் வரத்தக்க நேரமாகவும் அது அமைய வேண்டும். பொது இடங்களில் உள்ள பார்த்தீனியத்தை அகற்றலாம். சீட்டின்றி ஸ்டீராய்டுக் களிம்பு விற்கப்படுவது தெரிந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதலாம். நோயுற்றவரை ஒதுக்கும் பேச்சு எழும்போது, முதலில் மறுத்துரைக்க வேண்டியவர் பஞ்சாயத்து அங்கத்தினரே.

தோலில் புதிதாக ஒன்று தோன்றினால், "இதற்கு என்ன பூசலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. "இது என்ன?" என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை கூற மருத்துவர் இருக்கிறார், கட்டணமும் இல்லை. மறைப்பதை விட்டுக் காட்டுவதற்கு முன்வருவோம். நம் ஊரில் இனி ஒருவரது விரலும் தாமதத்தால் மடங்காதிருக்கச் செய்வோம்.