சம்பூர்க் காணியும் சட்டமும்

அபிவிருத்தியின் பெயரால் அரசு நிலங்கொள்ளுமிடத்து, அந்நிலத்துக்குரியவன் சொல் எவ்விடத்திற் கேட்கப்படும்? ஆசிய நாடுகள் பலவற்றையும் வருத்தும் இவ்வினாவை ஆராய நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. கொட்டியாரக் குடாவின் அக்கரையிலுள்ள சம்பூரே போதும்.

2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் இடம்பெயர்ந்தனர். 2007 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தலொன்று அப்பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கிற்று. உறுதியும் அனுமதிப்பத்திரமும் கையிலிருந்தோர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முதலியவிடங்களில் முகாம்களிற் காலங்கழித்தனர். போர் 2009இல் முடிந்தும் காணி மீளவில்லை. 2012இல் மற்றொரு வர்த்தமானி அதில் 818 ஏக்கரை முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயமாக்கிற்று. பாதுகாப்பு என்ற பெயர் போய் அபிவிருத்தி என்ற பெயர் வந்தது. உரியவனுக்கு இரண்டும் ஒன்றே.

2015 மேயில் சனாதிபதி அவ்வறிவித்தலை நீக்கினார். உடனே முதலீட்டு நிறுவனமொன்று உயர் நீதிமன்றில் இடைக்காலத் தடை பெற்றது. அத்தடை யூலையில் நீங்கிய பின்னரே மக்கள் மீண்டனர். ஒரு கையொப்பத்தால் மூடிய ஊர் மற்றொரு கையொப்பத்தால் திறந்தது. இடையே அவ்வூராரை வினாவியறியும் கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை என்பதே நாம் கருதற்பாலது.

இக்குறை ஒரு வர்த்தமானியின் குறையன்று. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டம் பொதுத்தேவை இன்னதென்று தீர்மானிப்பதை அமைச்சரிடமே விடுகின்றது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசும் தனியாரும் கூடிய திட்டமாயின், பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதின் சம்மதத்தை வேண்டுகின்றது. அதற்கும் விலக்குகள் உள. ஆயினும் சம்மதம் என்ற சொல்லாவது சட்டத்தில் ஏறியுள்ளது.

மாகாண சபை காக்குமென்பாருமுளர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலிற் சேர்த்தது உண்மையே. ஆனால் அரச காணி மத்திய அரசின் ஆளுகைக்குட்பட்டதே என உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரிற் தீர்த்தது. தனியார் உறுதிக்காணிக்கோ மேற்கூறிய 1950ஆம் ஆண்டுச் சட்டமே நியதி.

இந்திய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சம்பூரில் நிறுவ எண்ணிய 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் 2016இற் கைவிடப்பட்டது. அவ்விருவரின் கூட்டு முயற்சியாகவே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் அங்கு 2025 ஏப்பிரலிற் தொடங்கிற்று. தொடக்க விழா கொழும்பிலிருந்தவாறே நடந்தது.