பழைய வீடியோ கேமராவுக்குப் புதிய மின்கலம்

யான் வட்டாரத்தின் ஒரு பக்கம் கடலும் நெல்வயலும். மறுபக்கம் 1,217 மீட்டர் உயரமுடைய ஜெராய் மலை. அம்மலையடிவாரத்திலும், குருண், பீடோங், சுங்கை பட்டாணி எனப் பரந்து கிடந்த தோட்டங்களிலும் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் மக்களின் இல்லங்கள் சிலவற்றில், அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய வீடியோ கேமரா இன்றும் உறங்கிக்கொண்டிருக்கலாம். படம் பிடிப்பதையும் நாடாவில் பதிவதையும் ஒரே கருவியில் அடக்கிய வீடியோ கேமரா 1983இல் வீட்டு உபயோகத்திற்காக விற்பனைக்கு வந்தது. அதன்பின் திருமணம், காதணி விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா என நம் குடும்ப நிகழ்ச்சிகள் பலவும் நாடாவில் ஏறின.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனைக் காடாகவும் குடியிருப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. மறைந்த பாட்டியின் குரலும் பழைய கோயிலின் தோற்றமும் அந்த நாடாக்களில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். ஆனால் கருவியின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை. உடனே அது கெட்டுவிட்டதென எண்ணிக் குப்பையில் எறிவோர் உளர். அவசரப்படலாகாது. உயிர்விட்டது கருவியா, அன்றி அதன் மின்கலம் மட்டுமா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

மின்கலம் ஏன் சோர்கிறது?

விடியுமுன் மரம் வெட்டச் செல்வோர் நெற்றியில் கட்டும் விளக்கை நாம் அறிவோம். புதிதில் பல மணி நேரம் எரிந்த விளக்கு, நாளடைவில் பாதி நிரை முடியுமுன் மங்கிவிடும். ஒவ்வொரு முறை மின்னேற்றி இறக்கும்போதும் மின்கலத்தின் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிறிது சிறிதாகத் தேய்கிறது. வெட்டிய மரத்தில் பட்டை மீண்டும் வளரும். மின்கலத்துக்கு அந்தப் பேறு இல்லை. வெயிலும் வெப்பமும் அதன் ஆயுளை மேலும் குறைக்கும். பயன்படுத்தாது வைத்தாலும் அது மூப்படையும்.

பழைய கேமராக்கள் பலவற்றில் இருப்பது நிக்கல்-காட்மியம் மின்கலம். அதன் ஒவ்வோர் அறையும் 1.2 வோல்ட் தரும். ஐந்து அறைகள் சேர்ந்தால் 6 வோல்ட். லித்தியம்-அயன் மின்கலம் 1991இல் வணிகத்துக்கு வந்தது. அதன் வளர்ச்சிக்கு வித்திட்ட அறிஞர் மூவருக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வகையின் ஓர் அறை ஏறத்தாழ 3.6 வோல்ட் தரும். ஆகவே ஈரறை மின்கலத்தில் 7.2 வோல்ட் என்று அச்சிட்டிருப்பர்.

மாற்றும் முறை

முதலாவதாக, மின்கலத்தைக் கழற்றிவிட்டுக் கேமராவோடு வந்த மின் இணைப்புக் கருவியைப் பொருத்திப் பாருங்கள். பல கேமராக்களில் மின்னேற்றியே நேராக மின்சாரம் வழங்கும் கருவியாகவும் அமைந்திருக்கும். அதனால் கேமரா இயங்கினால் பழுது மின்கலத்தில்தான். நாடாவைப் போட்டுப் பார்ப்பது மட்டுமே நோக்கமெனில், புதிய மின்கலம் வாங்கும் செலவுகூட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, மின்கலத்தின் உலோக முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். கடற்காற்றும் ஈரமும் படிந்த அழுக்கே சில வேளைகளில் மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

மூன்றாவதாக, பழைய மின்கலத்தையே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். வகை, வடிவம், வோல்ட் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். மில்லி ஆம்பியர் மணி என்னும் அளவு மட்டும் கூடுதலாக இருக்கலாம். அது கொள்ளளவைக் குறிப்பது. 6 வோல்ட், 1,200 மில்லி ஆம்பியர் மணி என்றால் 7.2 வாட் மணி ஆற்றல். ஏழு வாட் உண்ணும் கேமரா அதைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். பல்லாண்டுகள் கடையிலேயே கிடந்த மின்கலம் உறை பிரியாதிருந்தாலும் புதியதன்று. உற்பத்தி ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவதாக, ஒரு வகைக்குரிய மின்னேற்றியில் மற்றொரு வகை மின்கலத்தை ஏற்றவே கூடாது. நிக்கல்-காட்மியத்துக்குரிய மின்னேற்றியில் லித்தியம் மின்கலத்தை வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. முதன்முறை மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள். மெத்தைமேலோ துணிமேலோ வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

உப்பிய, கசிந்த, அல்லது அளவுக்கு மீறிச் சுடும் மின்கலத்தை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். கத்தியாலோ திருப்புளியாலோ உறையைப் பிளந்து பார்க்காதீர்கள். குப்பையோடு சேர்த்து எரிப்பதும், கால்வாயிலோ ஓடையிலோ எறிவதும் பெருந்தீங்கு. காட்மியம் நச்சுலோகம், மண்ணிலும் நீரிலும் கலந்து உணவின்வழி நம் உடலைச் சேர்ந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலையிலிருந்து இறங்கும் நீர் கீழே வயல்களுக்குத்தான் பாய்கிறது என்பதை மறவாதிருப்போம். காட்மியம், நிக்கல், லித்தியம் அடங்கிய மின்கலக் கழிவுகள் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்கீழ் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளாகும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கருவி உயிர்பெற்ற பின்

புதிய மின்கலம் வந்துவிட்டதென்று மகிழ்ந்து நாடாக்களைத் திரும்பவும் அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். நம் நாட்டு ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெண்படலம் தெரியும் நாடாவைக் கேமராவில் போடாதீர்கள். அது நாடாவையும் கேமராவின் தலைப்பகுதியையும் ஒருங்கே கெடுக்கும். அத்தகையதை அனுபவமுள்ள தொழில்நுட்பரிடம் கொடுத்துத் துப்புரவு செய்யவேண்டும். நல்ல நிலையிலுள்ள நாடாக்களை உடனே கணினியில் படியெடுத்து, இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். வீடியோ நாடாக் கருவிகளை இறுதிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவை ஓட்டும் கருவிகள் இனிக் குறைந்துகொண்டே போகும்.

மின்கலம் ஒன்றின் விலை சிறிது. அதனால் மீளக்கூடியவை நம் பெரியோரின் முகங்கள், அவர்களின் பேச்சு, அவர்கள் உழைத்த மண். கைத்தொழில் அறிந்த நமக்கு இப்பணி அரிதன்று. இவ்வார ஓய்வுநாளிலேயே அலமாரியைத் திறந்து பார்ப்போமாக.