சிட்டி பேசிய தமிழ்

நுழையும் முன்

‘என் தாத்தா’ என்னும் தலைப்பில் ஒரு முறை கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். மாணவி ஒருத்தி, “எங்க தாத்தா ஏர்பிளாஸ்ட்டுல மாட்டிக்கினாரு” என்று தொடங்கியிருந்தாள். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, “என் தாத்தா சுரங்க விபத்தில் சிக்கிக்கொண்டார்” என்று திருத்திக் கொடுத்தேன். ஏட்டைப் பார்த்துவிட்டு அவள் என் மேசைக்கு வந்தாள். “மிஸ், விபத்து வேற, ஏர்பிளாஸ்ட்டு வேற” என்றாள்.

அவள் சொன்னதே சரி. பூமிக்கு மிக ஆழத்தில், மேலிருக்கும் பாறையின் அழுத்தம் தாங்காமல், பக்கவாட்டுப் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதற்கே ஊரிகத்துத் தொழிலாளர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். கயிறு அறுந்து கூண்டு விழுவது விபத்து. வழுக்கி விழுவதும் விபத்து. அவளுடைய தாத்தாவுக்கு நேர்ந்தது அவையல்ல. நான் எழுதிய தொடரில் இலக்கணம் இருந்தது; நடந்த செய்தி இல்லை. அன்று அந்த மாணவிக்குச் சொல்ல நினைத்தவற்றையே இப்பாடமாக எழுதியுள்ளேன். இது ஜெயகாந்தனைப் பற்றிய பாடம்.

பள்ளியை விட்ட சிறுவன்

ஜெயகாந்தன் 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று கடலூரைச் சேர்ந்த மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். தந்தை தண்டபாணிப் பிள்ளை; தாய் மகாலட்சுமி அம்மாள். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. வீட்டை விட்டு விழுப்புரத்தில் இருந்த மாமாவிடம் சென்றார். பாரதியாரின் பாடல்களையும் பொதுவுடைமைக் கருத்துகளையும் அவருக்கு அறிமுகப்படுத்தியவர் அந்த மாமாவே. 1946இல், 12 வயதில், சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமே அவருக்கு வீடாயிற்று. தெருக்களில் கட்சி இதழ்களைக் கூவி விற்றார். ‘ஜனசக்தி’ அச்சகத்தில் அச்சுக் கோத்தார்.

அச்சுக் கோத்தல் என்றால் என்னவென்று இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கணினி வருவதற்கு முன்பு, ஈயத்தால் வார்க்கப்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கியே ஒரு பக்கத்தை உருவாக்குவார்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். ஒரு வரியை அடுக்கி முடிப்பதற்குள் அவ்வரியின் ஒவ்வோர் எழுத்தும் விரல் வழியே மனத்தில் பதிந்துவிடும். பள்ளியில் கற்காத தமிழை ஜெயகாந்தன் அங்கே கற்றார். அங்கிருந்த தலைவர்களும் தொழிலாளர்களும் ஓயாமல் விவாதிப்பார்கள். சிறுவன் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பான். கட்சிக்குத் தடை விதிக்கப்பட்ட காலத்தில் தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையில் சிறிது காலம் வேலை செய்தார்.

இதைப் படித்துவிட்டு, பள்ளிக்கு வராவிட்டாலும் எழுத்தாளர் ஆகலாம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். அவர் விட்டது பள்ளியை, படிப்பை விடவில்லை.

கதையில் நுழைந்த மனிதர்கள்

1950களில் ‘சரஸ்வதி’ முதலிய சிற்றிதழ்களிலும், 1960களில் ‘ஆனந்த விகடன்’ போன்ற பெரிய இதழ்களிலும் அவருடைய சிறுகதைகள் வெளிவந்தன. ரிக்‌ஷா இழுப்பவர், சித்தாள், வீடில்லாமல் நடைபாதையில் உறங்குபவர் ஆகியோரெல்லாம் அக்கதைகளின் மாந்தர்கள். ஏழைகளைப் பற்றி அவருக்கு முன்பும் எழுதியவர்கள் உண்டு. ஜெயகாந்தனிடம் தனித்து நின்றது, அம்மனிதர்கள் தங்கள் வாயாலேயே பேசியதுதான். சென்னைக் குடிசைப் பகுதிகளின் பேச்சைக் கூச்சமின்றி, கேலியின்றி அவர் அச்சில் ஏற்றினார். அதுவரை அந்தப் பேச்சு பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்பட்டு வந்தது. அவருடைய கதையில் ஒரு தாய் அதே பேச்சில் அழுதாள், வாசகர்கள் சிரிக்கவில்லை.

இங்கே ஓர் இலக்கணச் செய்தி. எழுத்துத் தமிழில் ‘நின்றுகொண்டு’ என்போம். சென்னைப் பேச்சில் அது ‘நின்னுக்கினு’ ஆகும். ‘கொண்டு’ என்பதே அங்குக் ‘கினு’ எனத் திரிந்துள்ளது. இதே ‘கினு’ வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் வழங்குகிறது. ஊரிகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தங்கச் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கியபோது வேலைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தங்கள் பேச்சையும் கொண்டுவந்தார்கள். மூங்கில் தட்டி வேய்ந்த லைன் வீடுகளில் அது தெலுங்கோடும் கன்னடத்தோடும் சுரங்கத்து ஆங்கிலத்தோடும் கலந்து நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பேச்சு மூடப்படவில்லை. ‘மாட்டிக்கினாரு’ என்று என் மாணவி எழுதியது பிழையால் விளைந்த சொல் அன்று. அவளுடைய கொள்ளுப்பாட்டன் நடந்தோ ரயிலிலோ கொண்டுவந்து சேர்த்த சொல்.

‘உன்னைப்போல் ஒருவன்’

ஜெயகாந்தன் எழுதிய குறுநாவல்களுள் ‘உன்னைப்போல் ஒருவன்’ புகழ் பெற்றது. கதையின் நாயகன் சிட்டி, குடிசைப் பகுதியில் தன் தாய் தங்கத்துடன் வாழும் சிறுவன். தங்கம் கட்டட வேலை செய்யும் சித்தாள். மாணிக்கம் என்னும் கிளி சோதிடக்காரன் அவள் வாழ்வில் வருகிறான். சிட்டிக்கு அவனைப் பிடிக்கவில்லை. தாயை இன்னொருவனுடன் பங்கிட்டுக்கொள்ள அச்சிறுவனால் இயலவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே பேச்சு அறுகிறது. மாணிக்கமும் போய்விடுகிறான். தங்கம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். அதுவரை வெறுத்த அந்தக் குழந்தையைச் சிட்டி தன் கைகளில் ஏந்திக்கொள்கிறான்.

கதை இவ்வளவே. இதில் தீயவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. சிட்டியின் கோபமும் நியாயம். தங்கத்தின் தனிமையும் நியாயம். வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

இக்கதையைத் திரைப்படமாக்க வேண்டும் என்று ஜெயகாந்தன் விரும்பினார். பிறரிடம் கொடுத்தால் பாடல்களும் சண்டைகளும் சேர்ந்து கதை உருமாறும் என்பதை அறிந்திருந்தார். ஆகவே தாமே இயக்கினார். தங்கமாகக் காந்திமதி நடித்தார். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். அரண்மனை போன்ற அரங்குகளையே கண்டு பழகிய தமிழ்த் திரையில் குடிசையும் சேறும் தெருக்குழாயும் வந்தன. 1965இல் வெளிவந்த இப்படம் தேசியத் திரைப்பட விருதுகளில் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. அம்முறை முதலிடம் பெற்ற படம் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ என்றால், தேர்வின் தரத்தை நீங்களே உணரலாம். ஆயினும் திரையரங்குகளில் படம் நெடுநாள் ஓடவில்லை. பரிசு டெல்லியில் கிடைத்தது. பார்வையாளர் ஊரில் கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1966இல் ‘யாருக்காக அழுதான்?’ என்னும் தம் குறுநாவலையும் படமாக்கினார். விடுதி ஒன்றில் வேலை செய்யும் அப்பாவி ஜோசப், தான் செய்யாத திருட்டுக்காகப் பழி சுமக்கிறான். ஊரையே சிரிக்க வைத்த நாகேஷை அந்தப் பாத்திரத்தில் அழ வைத்தார். திரையுலகில் தமக்கு நேர்ந்தவற்றைப் பின்னர் ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்னும் நூலாகவும் எழுதினார்.

பின்னாளில் அவர் கதைகளைப் பிறர் இயக்கினர். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, அதை ஏ. பீம்சிங் படமாக்கியபோது நடிகை லட்சுமி தேசிய விருது பெற்றார். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது, 2009இல் பத்மபூஷண் எனச் சிறப்புகள் தொடர்ந்தன. அகிலனுக்கு அடுத்து ஞானபீடம் பெற்ற தமிழ் எழுத்தாளர் இவரே. 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தார்.

தேர்வுக்காக இவ்வாண்டுகளை நினைவில் வையுங்கள். படிப்பதற்காக ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ என்னும் நாவலை வையுங்கள். அதில் ஹென்றி என்னும் இளைஞன், தான் ஒரு முறையும் காணாத, வளர்ப்புத் தந்தையின் கிராமத்தைத் தேடி வருகிறான். கோடை விடுமுறையில் ‘சொந்த ஊர்’ என்று சொல்லப்படும் ஊருக்குப் போய், அங்கே ‘கே.ஜி.எஃப். பசங்க’ என்று அழைக்கப்பட்டுத் திரும்பும் உங்களுக்கு அவனை எளிதில் புரியும்.

இரண்டு தமிழ்

ஜெயகாந்தனின் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு தமிழ் தெரியும். கதை சொல்பவர் பேசுவது நல்ல எழுத்துத் தமிழ். மாந்தர் பேசுவது தெருவின் தமிழ். மேற்கோள் குறிக்கு வெளியே ஒன்று, உள்ளே மற்றொன்று. தேர்வுத் தாளில் நீங்கள் எழுதவேண்டியது முன்னது. அதில் மதிப்பெண் தளர்த்த மாட்டேன். ஆனால் உங்கள் தாத்தாவைப் பேச வைக்கும் இடத்தில் மேற்கோள் குறியிட்டு, அவர் பேசியபடியே எழுதுங்கள். அம்மாணவியின் கட்டுரையை நான் மறுபடியும் வாங்கினேன். ‘ஏர்பிளாஸ்ட்’ என்பதை அப்படியே விட்டு, அது என்னவென்று அடுத்த வரியில் விளக்கச் சொன்னேன். அரைப் பக்கக் கட்டுரை மூன்று பக்கமாக வந்தது.

பயிற்சி

1. ‘பரிசு டெல்லியில் கிடைத்தது, பார்வையாளர் ஊரில் கிடைக்கவில்லை’ என்பதன் பொருளை ஐந்து வரிகளில் எழுதுக.

2. போய்க்கொண்டு, பார்த்துக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு ஆகிய சொற்களை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்? எழுத்துத் தமிழின் எதிரே எழுதுக.

3. சுரங்கத்தில் வேலை செய்தவர் ஒருவரிடம் பேசி, அகராதியில் இல்லாத ஐந்து சொற்களைக் கேட்டறிக. அவர் பெயரை எழுத வேண்டாம். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அவர் விளக்கியபடியே, மேற்கோள் குறிக்குள் எழுதுக.