ரயில் வரும் நேரத்தில் காய்கறிக் கடை

கோலார் மாவட்டத்தில் தக்காளி விளைகிறது. பீன்ஸ், கோஸ், கேரட், அவரை விளைகின்றன. கீரை விளைகிறது. ராகி விளைகிறது. சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. கிராமங்களில் பசு மாடு வளர்ப்பவர்கள் ஏராளம். அந்தப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது.

கோலார் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. அங்கிருந்து லாரி லாரியாகத் தக்காளி வெளி மாநிலங்களுக்குப் போகிறது. விலை விழுந்த நாட்களில் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போனதும் உண்டு.

அந்தச் சந்தையிலிருந்து தங்கவயல் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் தங்கவயலில் உழைக்கும் வீடுகள் பலவற்றில் இரவுச் சாப்பாடு சோறும் ரசமும் ஊறுகாயும்தான். சில நாள் கடையில் வாங்கிய பரோட்டா. பக்கத்தில் விளையும் காய் ஏன் தட்டுக்கு வரவில்லை?

மக்களுக்கு விவரம் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. கீரை நல்லது என்று எந்தத் தாய்க்குத் தெரியாது? காரணம் வேறு.

ரயிலும் அடுப்பும்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து தமிழ் மக்கள் வேலைக்கு வந்தார்கள். வேலை ஊருக்குள்ளேயே இருந்தது. ஷிப்டு முடிந்தால் வீடு. கடைத்தெருவும் கூப்பிடு தூரம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. ஆட்களும் அதன் பின்னால் போனார்கள். பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் தினமும் ஜனங்கள் ஏறுகிறார்கள். பங்காருபேட்டை வழியாகப் போய், இரவு அதே வழியில் திரும்புகிறார்கள்.

மாரிக்குப்பத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மனைவிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. இருவரும் விடியும் முன் ரயிலைப் பிடிக்கிறார்கள். அப்போது எந்தக் காய்கறிக் கடையும் திறந்திருக்காது. இரவு இறங்குகிறார்கள். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டுக்குப் போக இன்னும் சில கிலோமீட்டர் உண்டு. ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனால் கீரைக்காரம்மா எழுந்து போயிருப்பார். மிச்சம் இருப்பது வாடிய கத்தரிக்காய். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள். அந்த அம்மா என்ன செய்வார்? ரயிலடியில் சூடாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு நடப்பார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் உடம்பு கணக்குப் பார்க்கிறது. 2019-21இல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். வேலையில் தலை சுற்றும். பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம். இதற்கு மாத்திரை உண்டு. கூடவே கீரை, பயறு, முட்டை, பழம் வேண்டும். வெறும் சோறு போதாது.

எங்கே, எப்போது, என்ன விலை

நல்ல உணவு ஒரு வீட்டுக்குள் வர வேண்டுமானால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கே கிடைக்கும்? எப்போது கிடைக்கும்? என்ன விலைக்குக் கிடைக்கும்? இந்த மூன்றையும் தனி ஒரு குடும்பம் மாற்ற முடியாது. ஊர்த் தலைவர்கள் மாற்ற முடியும்.

நகரசபை என்றால் குப்பையும் குழாயும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1992இல் அரசியல் சட்டத்தில் 74ஆவது திருத்தம் வந்தது. மக்களின் சுகாதாரம், குடிநீர், ஏழைகள் வாழும் பகுதிகளின் முன்னேற்றம் ஆகியவற்றை நகரசபையிடம் ஒப்படைக்க அது வழி செய்தது. கடைவீதியும் நகரசபையின் வேலைதான். மார்க்கெட்டில் கூரை, விளக்கு, தண்ணீர், கழிவறை எல்லாம் அதன் பொறுப்பு. பெண் வியாபாரிக்கு விளக்கும் கழிவறையும் இல்லாவிட்டால் அவர் இருட்டும் முன் கடையைக் கட்டுவார். இரவு ரயிலில் வரும் அம்மாவுக்குக் கீரை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கழிவறைக்கும் கீரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் முழுவதும் மார்க்கெட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்!

ரேஷன் கடை வேறு. அது மாநில அரசின் உணவுத் துறையின் கீழ் வருகிறது. அரிசி வரவில்லை என்று நகரசபையில் சண்டை போட்டுப் பயனில்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

செய்து காட்டிய ஊர்கள்

1920ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. ஏழைப் பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். பலர் வராமலே நின்றார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் உணவு கொடுப்பது என்று மாநகராட்சி தீர்மானித்தது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போயிற்று. பள்ளியில் சேரும் பிள்ளைகள் அதிகமானார்கள். 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் வளர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். இன்று இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு நகரத்தின் சபை செலவுக் கணக்கு எழுதி, கை தூக்கி, ஒரு தீர்மானம் போட்டது.

அதே சென்னையில் 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் தொடங்கியது. ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நடத்தியது மாநகராட்சி. சமைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். கர்நாடகத்தில் 2017 ஆகஸ்டில் இந்திரா கேன்டீன் பெங்களூரில் தொடங்கியது. அப்போது காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். பிறகு மற்ற ஊர்களுக்கும் அது போயிற்று.

மதுரையில் 1999 நவம்பர் 14ஆம் தேதி முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே கொண்டு வந்து விற்கிறார். அவருக்கு அடையாள அட்டை உண்டு. தராசு சந்தையில் தருகிறார்கள். அன்றைய விலையைக் காலையில் பலகையில் எழுதி வைக்கிறார்கள். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் உழவருக்கு லாபம். கடை விலையைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் வாங்குபவருக்கும் லாபம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரையும் அந்தப் பலகை இருக்கும் இடத்தில் ஏமாற்ற முடியாது.

இன்னொரு ஊர் மிகத் தொலைவில், பிரேசில் நாட்டில் இருக்கிறது. பெயர் பெலோ ஹொரிசாஞ்சி. அதுவும் தங்கம் விளைந்த பூமி. பக்கத்து ஊரில் வெள்ளைக்காரக் கம்பெனி ஆழமான தங்கச் சுரங்கம் நடத்தியது. தங்கவயலுக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி. 1993இல் அந்த நகரத்தின் ஆட்சி உணவுக்கென்றே ஒரு துறை தொடங்கியது. சாப்பாடு மக்களின் உரிமை என்று அறிவித்தது. பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். வியாபாரம் நன்றாக நடக்கும் நல்ல இடங்களை வியாபாரிகளுக்குக் கொடுத்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். குறிப்பிட்ட சில காய்கறி, பழங்களை நகர ஆட்சி சொல்லும் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். வார இறுதியில் ஏழைகள் வாழும் ஒதுக்குப்புறங்களுக்கு வண்டி ஓட்டிப் போய் விற்க வேண்டும். உழவர்களுக்கும் நகரத்தின் நடுவில் இடம் கிடைத்தது. இதற்கெல்லாம் ஆன செலவு நகரத்தின் பட்ஜெட்டில் 100 ரூபாய்க்கு 2 ரூபாய்க்கும் குறைவு.

தங்கவயலில் என்ன செய்யலாம்?

தங்கவயல் நகரசபையில் 35 வார்டுகள். பட்ஜெட் பெரியதல்ல. அதனால் செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

முதல் வேலை, ரயில் நிலையச் சாலைகளில் மாலைக் கடைகள். ரயில்வே எல்லைக்குள் நகரசபை எதுவும் செய்ய முடியாது. வெளியே நகரசபைச் சாலை வரும் இடத்தில் செய்யலாம். நான்கு விளக்கு, ஒரு குழாய், ஒரு விலைப் பலகை, தள்ளுவண்டி நிற்கக் கோடு போட்ட இடம். கடைசி ரயில் வரும் வரை கடை இருக்க வேண்டும். சில இடங்களில் நிலம் மூடிய சுரங்கக் கம்பெனியின் பெயரில் இருக்கும். அங்கே தனி அனுமதி வாங்க வேண்டும். முதலில் யார் நிலம் என்று விசாரிப்பது நல்லது.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் தெரு வியாபாரக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் நகரசபைக் கமிஷனர். குழுவில் 100க்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் யார் விற்கலாம் என்பதை இந்தக் குழுவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கெடுப்பு முடியும் முன் வியாபாரியை விரட்டவும் கூடாது.

பழைய லைன் வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டவர்களும் உண்டு. அவர்கள் மார்க்கெட்டுக்கு வர முடியாது. பிரேசில் ஊர் செய்தது போல, எம்.ஜி. மார்க்கெட்டில் கடை எடுப்பவர்களிடம் வாரம் ஒரு நாள் லைனுக்கு வண்டி அனுப்பும்படி நிபந்தனை போடலாம்.

ராகியை மறக்கக் கூடாது. 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது கடினம். களியும் கீரைச் சாறும் இந்த மண்ணின் சாப்பாடு. அதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியது பெரிய நஷ்டம்.

வீட்டில் கீரை போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் சயனைடு மேட்டின் மண்ணில் போடக் கூடாது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி லைன் வீடுகள் வரை பறந்து வருகிறது. வேறு இடத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பிப் போடுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். மேடுகளில் தூசி பறக்காமல் செய்யும்படி கேட்பதும் நல்ல உணவுக்கான கோரிக்கைதான்.

மனு எழுதும் முறை

கேட்காமல் எதுவும் நடக்காது. வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்தால் பதிவாகும். மாதிரி மனு ஒன்று:

பெறுபவர்: கமிஷனர் அவர்கள், நகரசபை, ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.

பொருள்: ரயில் நிலையச் சாலையில் மாலை நேரக் காய்கறிக் கடை வேண்டுதல்.

ஐயா, நாங்கள் மாரிக்குப்பம் பகுதியில் வசிக்கிறோம். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறோம். அந்த நேரத்தில் இங்கே காய், கீரை, பழம் கிடைப்பதில்லை. எங்கள் பிள்ளைகளின் உடல்நலம் கெடுகிறது. தெரு வியாபாரக் குழுவைக் கூட்டி, இங்கே மாலைக் கடைகளுக்கு இடமும் விளக்கும் தண்ணீரும் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, கீழே கையெழுத்திட்டவர்கள்.

அலுவலகத்தில் கன்னடத்தில்தான் வேலை நடக்கிறது. தமிழில் எழுதிய மனுவைக் கன்னடம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து மாற்றி எழுதுங்கள். ஒவ்வொருவரும் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்க வேண்டாம். ஒரு பிரதியை வார்டு கவுன்சிலரிடமும் கொடுங்கள். கவுன்சிலர் இல்லாத காலமானால் சபையின் பொறுப்பைக் கவனிக்கும் அதிகாரியிடம் கொடுங்கள்.

உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். அதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி, "எங்கள் மனு என்ன ஆயிற்று?" என்று எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.